சிவப்புத் தரையில் நாலு கோடு

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்த நோட்டின் முன்பக்கம் கான்ட்ராக்டர் தினகரனுக்கு. எந்த அறை முடிந்தது, எத்தனை பிளேடு தேய்ந்தது என்று தினமும் எழுதிக் காட்ட வேண்டும். பின்பக்கம் எனக்கு. அஞ்சாங்கிளாஸ் படித்தவள் கையில் முழு நோட்டைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

போன வருஷம் வரைக்கும் இதை என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துதான் எழுதினார். எட்டாவது படித்தவர், எழுத்து முத்து முத்தாக இருக்கும். பொங்கல் கழிந்ததும் நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். "இனி நீயே எழுது துளசி. எனக்குக் கண்ணு மங்குது" என்றார். பஸ் போர்டை மட்டும் சிக்னலுக்கு அந்தப் பக்கமிருந்தே படித்துவிடுகிறார்.

இப்போது வேலை கோயமுத்தூரில் மூடிக் கிடக்கிற ஒரு பழைய பிரசவ ஆஸ்பத்திரியில். யாரோ வாங்கித் தங்கும் விடுதி ஆக்கப் போகிறார்களாம். ஏழு அறை, ஒரு நீள நடை. அறைகளில் ஒட்டின வினைல் விரிப்பு, நடையில் டைல்ஸ். எல்லாவற்றையும் பெயர்த்து, அடியிலிருக்கும் பசையையும் சுரண்டி, வெறும் தரையாக இருபதாம் தேதி ஒப்படைக்க வேண்டும்.

அவர் மிஷின்காரர். நான் சித்தாள். மிஷின் பார்க்கப் புல் வெட்டுகிற வண்டி மாதிரி இருக்கும். முன்னால் ஒரு சாண் அகலத்துக்குப் பிளேடு. அது கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டே விரிப்புக்கு அடியில் புகுந்து தரையை விட்டுப் பெயர்க்கும். பெயர்ந்த ரப்பீஸை நான் சட்டியில் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். பதினோரு வருஷமாக அவர் பெயர்க்கிறார், நான் அள்ளுகிறேன். குடும்பமும் அப்படியேதான் ஓடுகிறது.

சுவரில் "அமைதி காக்கவும்" என்று ஒரு போர்டு. மிஷினைப் போட்டதும் அந்தப் போர்டே ஆடுகிறது.

பிப்ரவரி 4, புதன்

முதல் வார்டு முடிந்தது. பசை பழசு, கல்லாக இறுகியிருக்கிறது. மூன்று பிளேடு போயிற்று.

பிளேடுக்கு ஒரு பக்கம் சமம், ஒரு பக்கம் சாய்வு. சிமெண்டுத் தரை என்றால் சாய்வு மேலே பார்க்கிற மாதிரி மாட்ட வேண்டும். சுலபமாகக் கீறல் விழுகிற மெதுவான தரை என்றால் சாய்வு கீழே. சிமெண்டுக்கு மாட்டினபடியே மெதுவான தரையில் ஓட்டினால் பிளேடு தரையையே தோண்டிவிடும். புதுசாக வேலைக்கு வருகிற பையன்கள் எல்லோரும் ஒரு தரமாவது செய்கிற தப்பு அது. இவர் பதினோரு வருஷத்தில் செய்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டாத நாளும் இல்லை.

இன்று பிளேடு மாட்டும்போது போல்ட்டு மூன்று தரம் கீழே விழுந்தது. "என்னுங்க, புதுப்பொண்ணு கையப் புடிக்கற மாதிரி அந்தப் போல்ட்டப் புடிக்கறீங்க?" என்றேன். சிரிக்கவில்லை. போல்ட்டை என்னிடம் நீட்டினார். "நீ மாட்டு. உனக்குத்தான் வெரலு ஒல்லியா இருக்குது."

கட்டிக்கொண்ட இருபத்தேழு வருஷத்தில் என்னை ஒல்லி என்று அவர் சொன்னது இன்றைக்குத்தான்.

மாட்டினதும் "சித்த நேரம் நீ ஓட்டிக்கிட்டிரு, டீ குடிச்சுட்டு வந்தர்றேன்" என்று போனார். மீதி அரை வார்டை ஓட்டினேன். இதற்கு முன்னாலும் இந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சம் ஓட்டியிருக்கிறேன். கை கூசும், பழகிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று அவர் ஆறு தடவை டீ குடிக்கப் போனார்.

பிப்ரவரி 7, சனி

இரண்டாம் வார்டும் முடிந்தது. முன்பக்கத்தில் "நாச்சிமுத்து – 2 வார்டு" என்று எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் அவரைக் காணோம் என்று வாசல் கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் அப்பாஸ் பாய் உட்கார்ந்திருந்தார். "பாய், எங்க ஊட்டுக்காரர் டீக்கடைய எழுதி வாங்கிட்டாரா?" என்று கேட்டேன்.

"டீக்கடைக்கு அவரு எங்கம்மா போனாரு? பின்னால தண்ணித் தொட்டிக்கிட்ட இருக்காரு" என்றார்.

பின்னால் போய்ப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து கிடந்த தகரத்தின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தொட்டால் பொத்துப்போகும், அந்தச் சூடு. அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

கேலி பண்ணுவதற்கு நல்ல இடம். ஏனோ வாய் வரவில்லை. பல்வலியாக இருக்கும்.

பிப்ரவரி 9, திங்கள்

தினகரன் வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். இவரை அண்ணா என்பார், என்னை அக்கா என்பார். நல்ல பையன்தான், ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பு. பொம்பளை ஆள் மிஷினைத் தொடக் கூடாது. "கை கால்ல பட்டுச்சுன்னா நான்தானக்கா பதில் சொல்லோணும்" என்பார். ஆம்பளை கையில் பட்டால் யார் பதில் சொல்வார்கள் என்று கேட்க நினைத்திருக்கிறேன், கேட்டதில்லை.

அதனால் ஓர் ஏற்பாடு. தினகரன் பைக் வந்தால் அப்பாஸ் பாய் கேட்டை இரண்டு தட்டு தட்டுவார். நான் மிஷினை விட்டுச் சட்டியைத் தூக்குவேன். இவர் சட்டியை விட்டு மிஷினைப் பிடிப்பார். நாடகக் கம்பெனி தோற்றுப்போகும்.

தினகரன் மூன்றாம் வார்டுத் தரையில் குனிந்து கையால் தடவிப் பார்த்தார். "அண்ணா, இதென்ன இப்புடிப் பண்ணியிருக்கீங்க! கண்ணாடி மாதிரி இருக்குது. ஒரு பொட்டுப் பசையில்ல. இத்தன வருசம் இந்த வேலைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அவர் "உம்" என்றார்.

காரணம் ஒன்றும் பெரிசில்லை. நான் குள்ளம். நான் பிடித்தால் கைப்பிடி தாழ்ந்து நிற்கும், பிளேடு தரையோடு படிந்து போகும். அவர் உயரத்துக்குப் பிளேடு கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். அவ்வளவுதான்.

சாயங்காலம் எனக்கு முட்டைப் போண்டா வாங்கிக் கொடுத்தார். இரண்டு. "எதுக்குங்க லஞ்சம்?" என்றேன். "தின்னு" என்றார்.

பிப்ரவரி 11, புதன்

காலையில் நான் நடையில் ரப்பீஸ் அள்ளிக்கொண்டிருந்தேன். தேய்ந்த பிளேடைக் கழற்றிப் புதுசு மாட்டுகிறேன் என்று அவர் நாலாம் வார்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"ஏ துளசி, எங்கியாச்சும் வெட்டிக்கிட்டியா? தரையெல்லாம் ரத்தம் பாரு."

என் கையைப் பார்த்தேன். காலைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்புறம் அவர் கையைப் பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல் பிளேடு பட்டுப் பிளந்திருந்தது. அந்தக் கையாலேயே சாக்கைப் பிடித்து, தரையிலிருந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எதிர்த்தெரு கிளினிக்கில் ஏழு தையல். நர்ஸம்மா சர்க்கரைச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். அவர் பர்ஸில் நாலாய் மடித்து வைத்திருந்தார். அதில் இருப்பது இங்கிலீஷ், எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சர்க்கரைக்குக் காட்டிவிட்டு வந்த அன்றைக்கே, பெரியாஸ்பத்திரி டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்டதற்கு, "சோத்தக் கொறைக்கச் சொன்னாரு" என்றுதான் இவர் சொன்னார். நானும் மூன்று மாசமாகச் சோற்றைக் குறைத்துப் போடுகிறேன்.

நர்ஸம்மா படித்தார். "நவம்பர்லயே எழுதியிருக்காங்களே. வெரல் நரம்பு செத்துட்டு வருது, அதிர்ற மிஷினு எதையும் தொடக் கூடாதுன்னு. வாயிலயும் சொன்னோம்னு போட்டிருக்காங்க. உங்ககிட்டச் சொல்லலியாம்மா?"

சொன்னார் என்றேன். நான்தான் மறந்துவிட்டேன் என்றேன்.

மத்தியானத்துக்கு மேல் நாலாம் வார்டை முடித்தேன். இரண்டு பிளேடு.

பிப்ரவரி 12, வியாழன்

அவருக்கு ஓய்வு. அதாவது, ஒரு கையால் சட்டியை இழுத்து வைத்தார்.

சோறு தின்னும்போது கேட்டேன்.

"ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா மிஷினு போயிரும்."

"கையி போனாப் பரவால்லீங்களா?"

"மிஷினில்லாட்டி நான் யாரு, அம்மிணி? சட்டி தூக்கற ஆளா?"

"நான் எத்தன வருசமா சட்டி தூக்கறனுங்க. எனக்குப் பேரில்லீங்களா?"

ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அந்த ரசத்தில் உப்புப் போட மறந்திருந்தேன், அதையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

ஐந்தாம் வார்டு. காலையில் எழுந்தபோது சுண்டுவிரல் மரத்திருந்தது. கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பேன்.

பிப்ரவரி 14, சனி

தினகரன் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். ஹைதராபாத்தில் பெரிய கட்டடமாம். ஒன்பது மாடி, எட்டு மாசம் வேலை. இவர் பெயர்த்த தரை என்று தினகரன் போட்டோ பிடித்து அனுப்பினாராம், அங்கே ஒரே சந்தோஷமாம். "இந்த மிஷின்காரர்தான் வேணும்னு சொல்றாங்கண்ணா. ஆம்பளையாளுங்க மட்டும் ஷெட்டுல தங்கோணும். இருபத்திமூணாந் தேதி கெளம்போணும். கைக்கட்டோடயே ஓட்டறீங்களே, புண்ணு அதுக்குள்ள ஆறிருமில்ல?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை.

"போறனுங்க தம்பி" என்றார்.

நல்லா ஓட்டினேன். ரொம்ப நல்லா ஓட்டிவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

உக்கடம் போய் ஒரு பை வாங்கி வந்தார். லுங்கி நாலும் துவைத்துப் போட்டேன்.

"நாளைக்கே அந்தத் தம்பிகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றேன்.

"என்னத்தச் சொல்றது? அஞ்சு வார்டும் எம்பொண்டாட்டி ஓட்டுனா, நான் தகரத்துல கை வெச்சுட்டு உக்காந்திருந்தேன்னா?"

அப்படியானால் நான் பார்த்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எட்டு மாசம், ஒன்பது மாடி. அங்க போல்ட்டு மாட்டறதுக்கு யாருங்க இருக்கறா? கையி வெட்டுப்பட்டா யாரு வந்து சொல்லுவா?"

"பாத்துக்கறேன்."

"நீங்க சொல்லலைன்னா நானே சொல்றனுங்க."

"சொன்னீன்னா, அப்புறம் நான் அந்தப் பையன் மூஞ்சில எந்தக் காலத்துக்கும் முழிக்க மாட்டேன். உன்ற மூஞ்சிலயும்."

லுங்கியை உதறிக் கொடியில் போட்டேன். ஒன்றில் பெரிய கிழிசல். தைத்து வைத்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

ஆறாம் வார்டு, நடையில் பாதி. ஐந்து பிளேடு. பேசவில்லை, இரண்டு பேரும். மிஷின் சத்தத்தில் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 17, செவ்வாய்

நடை முடிந்தது. பாக்கி டாக்டரம்மா உட்கார்ந்த அறை மட்டும். அந்த அறையில் விரிப்புக்கு அடியில் பழைய சிவப்புத் தரை. அதை மட்டும் அப்படியே வைத்து மெருகேற்றப் போகிறார்களாம். தினகரன் போனிலேயே மூன்று தரம் சொல்லிவிட்டார். "அண்ணா, அது மெதுவான தரை. பிளேடத் திருப்பி மாட்டிக்குங்க. ஒரு கீறல் ஆகக் கூடாது."

இவர் நடையில் ரப்பீஸ் அள்ளினார். நான் அறைக்குள் போனேன்.

பிளேடைத் திருப்பி மாட்ட மறந்துவிட்டேன். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. நாலு கோடு விழுந்துவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம், விரல் நகம் புதைகிற ஆழம். மறந்ததும் நல்லவேளையாக ஜன்னல் ஓரத்து மூலையில் மறந்தேன், அலமாரி வைக்கிற இடம். நாலு கோடு ஆனதும் ஞாபகம் வந்து, பிளேடைத் திருப்பி மாட்டி, மற்ற இடமெல்லாம் பூ மாதிரி எடுத்துவிட்டேன்.

நோட்டின் முன்பக்கத்தில் "நாச்சிமுத்து – டாக்டர் ரூம்" என்று எழுதினேன். இத்தனை நாள் எழுதினேனே, இன்று மட்டும் எழுதப் பிடிக்கவில்லை. எழுதினேன்.

பிப்ரவரி 18, புதன்

தினகரன் வந்தவர் நேராக அந்த மூலைக்குத்தான் போனார். கான்ட்ராக்டர்கள் மூலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். எனக்குத் தெரியும்.

குனிந்து விரலால் கோட்டைத் தடவினார். அப்புறம் திரும்பினார்.

"என்னண்ணா இது?"

இவரும் குனிந்து பார்த்தார். முகம் கறுத்தது.

"மொதநாள் வேலைக்கு வந்த பையன் பண்றதுண்ணா இது. பிளேடத் திருப்பாம உட்டிருக்கீங்க. உங்கள நம்பி ஹைதராபாத்துல வாக்குக் குடுத்திருக்கேன். அங்கயும் இப்புடித்தான் கோடு போடுவீங்களா? வயசாயிருச்சுன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்."

நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான். இவர் தலை குனிந்து நிற்பார், ஹைதராபாத் வேலை கைவிட்டுப் போகும், நாங்கள் வீட்டுக்குப் போவோம். குனிந்துதான் நின்றார். காது மட்டும் சிவந்தது. தினகரன் திரும்பக் கோட்டைத் தடவி "ச்சே" என்றார்.

அந்தச் "ச்சே"யைத்தான் இவரால் தாங்க முடியவில்லை.

"நான் போட்ட கோடில்லீங்க அது!" என்று கத்தினார். "பதினோரு வருசத்துல இந்தக் கையி அப்புடியொரு கோடு போட்டிருக்குதா? கேளுங்க, இந்தக் கோயமுத்தூர்ல எவனயாச்சும் கேளுங்க. அவ போட்டது!"

தினகரன் என்னைப் பார்த்தார். "அக்கா மிஷினத் தொட்டீங்களா?"

"தொட்டனுங்க."

"இந்த ரூமு மட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார். கத்தின தொண்டை இறங்கியிருந்தது. "எல்லா ரூமும் அவதானுங்க."

"மூணாம் வார்டு?"

"அவதான்."

"நடை?"

"அவதானுங்க தம்பி. நான் ஓட்டுனது மொத நாளு அர வார்டுதான். நீங்க கண்ணாடின்னு சொன்னதெல்லாம் அவ ஓட்டுனது." கட்டுப் போட்ட கையை நீட்டினார். "இதுல உசுரில்ல. நீங்க இப்ப ஊசியில குத்துனாலும் எனக்குத் தெரியாது."

தினகரன் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பேருஞ் சேந்து என்னய நல்லா முட்டாளாக்கிட்டீங்க" என்றார். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. எழுந்து போகும்போது, "ஹைதராபாத்துக்கு வேற ஆளச் சொல்லிக்கறேன். இந்தக் கோட்ட நாளைக்குள்ள அடைச்சு வெய்யுங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

ஒரு கேலியும் தோன்றவில்லை. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து, கோட்டில் திணித்து, வழித்து, ஈரத்துணியால் தேய்த்தோம். நிறம் சேரவில்லை. புதுசு புதுசாகத்தான் தெரியும். ஆறு மாசம் எண்ணெய் ஊறினால் ஒருவேளை ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் கோட்டில் இருக்கும்போது அவர் சொன்னார்.

"சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தங்க?"

"நடையில அள்ளிட்டிருந்தனில்ல. பிளேடு திரும்பாம ஓடுனா அந்தத் தரையில கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். மொதக் கோட்டுலயே கேட்டுருச்சு."

நான் கரண்டியை நிறுத்தினேன். "அப்ப ஓடி வந்து நிறுத்தறதுதானுங்க?"

அவர் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். ஒரு கையால் பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் போகும்? வாங்கி நான் பிழிந்தேன்.

"எந்திரிச்சேன்" என்றார். "அப்புறம் உக்காந்துக்கிட்டேன்."

துணியை அவரிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். "அப்ப நேத்து எதுக்குங்க அந்தக் குதி குதிச்சீங்க? பேசாம நின்னிருந்தா முடிஞ்சிருக்குமே."

"நிக்கலாம்னுதான் பாத்தேன்" என்றார். "அது நாச்சிமுத்து போட்ட கோடுன்னு அந்தப் பையன் சொல்றத எப்புடிக் கேட்டுட்டு நிக்கறது?"

நாலாம் கோட்டைத் தானே அடைக்கிறேன் என்றார். விட்டேன். கோணலாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஒப்படைத்தோம். முன்பக்கக் கணக்கு: ஏழு அறை, ஒரு நடை, முப்பத்தொரு பிளேடு. "நாச்சிமுத்து" என்று இருந்த இடமெல்லாம் தினகரன் பேனாவால் அடித்து "துளசிமணி" என்று எழுதிக்கொண்டார். கோபமாகத்தான் எழுதினார். ஆனால் ஒன்றுவிடாமல் எழுதினார்.

பிப்ரவரி 25, புதன்

நாலு நாள் வேலையில்லை. தினகரன் கூப்பிட மாட்டார் என்றே நினைத்திருந்தோம். நேற்று போன் வந்தது. பொள்ளாச்சியில் ஒரு பழைய ஜவுளிக் கடை, மூவாயிரம் சதுர அடி டைல்ஸ். "ரெண்டு பேரும் வாங்கக்கா. மிஷினு நீங்க ஓட்டுங்க" என்றார். அப்புறம் கொஞ்சம் இழுத்து, "கையொற வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டு சோடி" என்றார்.

காலையில் கடைக்குப் போனதும் இவர் ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போனார். அடியில் பிடிப்பு விட்ட டைல்ஸ் வேறு மாதிரி கேட்குமாம். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. அவர் தட்டி, செங்கல் துண்டை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்து அதன்மேல் பெருக்கல் குறி போட்டார். நான் அந்தக் குறியில் பிளேடை வைத்தால் ஒரு வரிசையே பொலபொலவென்று கிளம்பி வந்தது. இரண்டு நாள் வேலை ஒரு நாளில் ஆகும் போலிருக்கிறது.

ஒரு மணி நேரம் ஆனதும் மிஷின் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தால், இவர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"எதுக்குங்க?"

"கையி மரத்துப் போவுதா?"

"இல்லீங்களே."

"நானும் அப்புடித்தான் சொன்னேன்" என்றார். "அர மணி நேரம் உக்காரு."

நாள் முழுக்க இப்படியே. மணிக்கு ஒரு தரம் பிடுங்கல். இன்னொரு ஓரம் எடுத்துவிடுகிறேன் என்று நான் கத்தினேன், அவர் காதிலேயே வாங்கவில்லை. பெயின்ட் அடிக்கிற ஆட்கள் நாலு பேர் ஏணி மேல் இருந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து இவர் சொல்கிறார்: "இங்க ரெண்டு மிஷினு ஓடுதுங்க. ஒண்ணுக்குத்தான் எங்கிட்ட பிளக்கு இருக்குது."

நாலு பேரும் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இருபத்தேழு வருஷத்தில் எனக்குப் பதில் வராமல் போனது இன்றைக்குத்தான். தூசி வாயை அடைத்திருந்தது, இடுப்பு கழன்று போயிருந்தது. முறைத்துப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

சாயங்காலம் கோயமுத்தூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. கிணத்துக்கடவு தாண்டும்போது அருமையான பதில் ஒன்று தோன்றியது. நாலு பேர் இல்லை, நாற்பது பேர் கேட்டாலும் தலை குனிய வேண்டியதுதான், அப்படிப்பட்ட பதில். சொல்லலாம் என்று திரும்பினேன். என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

எழுப்பவில்லை.